இரண்டு வலது கைகள்

கடலுக்கடியில் மெக்கானிக் கடை கிடையாது. ஒரகடம் ரோட்டில் வண்டி நின்றுபோனால் தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் ஒரு கடை இருக்கும். சுங்குவார்சத்திரத்தில் எந்த நட்டு கேட்டாலும் டீ ஆறுவதற்குள் கைக்கு வந்துவிடும். தண்ணீருக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடக்கிற கப்பலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் எது எது கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே யோசித்து, மாற்றுச் சாமானைச் செய்து அடுக்கிவிடுகிறார்கள். கப்பலே இன்னும் கட்டி முடியவில்லை, அதற்கு ஸ்பேர் மட்டும் முதலில் போகிறது என்று கேட்டபோது கனகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"புள்ளயே பொறக்கல, அதுக்குள்ள பல்செட்டு செய்யறாங்களாக்கா?"

"பல்செட்டு இல்லடி, மூடி. நீயும் வாய மூடிக்கினு தொட" என்றாள் ஜெபமணி.

இரண்டு பேருக்கும் ஊர் சேரப்பணஞ்சேரி. ஒரே கம்பெனி பஸ், ஒரே சீட்டு. கனகம் அதற்கு முன்னால் ஒரு பிரஸ் கம்பெனியில் தகடு வெட்டிக்கொண்டிருந்தாள். அங்கே ஒருநாள் மெஷின் ஒரு நொடி முந்திக்கொண்டது. வலது கை ஆள்காட்டி விரலில் பாதியை விட்டுவிட்டு வெளியே வந்தாள். ஜெபமணி இந்தச் சாம்ராஜ் கம்பெனியிலேயே கிரைண்டிங் பக்கம் நின்றவள். இரும்புத் தூள் நெஞ்சில் இறங்கி, ராத்திரி முழுக்க இருமி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தூக்கம் இல்லாமல் செய்தவள். கடற்படை வேலைக்கென்று முதலாளி சாம்ராஜ் கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி வைத்து, தனி அறை கட்டியபோது ஜெபமணியை அதற்குள் மாற்றினார். உள்ளே போனதும் அவள் செய்த முதல் காரியம், வெளியே போய் கனகத்தைக் கூட்டிவந்து நிறுத்தியதுதான்.

"இவ கை சின்னது சார், சந்துபொந்துலல்லாம் பூந்து தொடைக்கும்" என்று சிபாரிசு செய்தாள். பாதி விரலைப் பற்றிச் சாம்ராஜ் கேட்டதற்கு, "அதான் சொன்னேனே, சின்ன கைன்னு" என்றாள்.

ஜெபமணிக்குப் பர்மனென்ட். கனகம் கான்ட்ராக்ட். கடற்படை ஆய்வாளர் வந்து பார்த்து, முதல் மூடி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததும் கனகத்தையும் பர்மனென்ட் ஆக்குவதாகச் சாம்ராஜ் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்த அறையைவிட்டால் கனகத்துக்குத் தெரிந்த வேறு வேலை பிரஸ் வேலை ஒன்றுதான். இன்னும் ஒன்பது விரல் முழுசாக இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

அந்த மூடி, இட்லிப் பானை மூடி அகலம் இருக்கும். தூக்கினால்தான் கனம் தெரியும், இரண்டு ஆள் வேண்டும். கப்பலின் வயிற்றுக்குள் ஓடும் குழாயில் ஒரு வால்வு, அந்த வால்வின் தலையில் உட்காரும் மூடி. தரம் பார்க்கிற இன்ஜினியர் ஷீபா, குன்றத்தூர்ப் பெண், முதல் நாளே இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"இது அணுகுண்டைத் தூக்கிக்கிட்டுப் போற கப்பல் இல்லக்கா. அணுவுல ஓடற கப்பல். எதிரிக் கப்பல் பின்னாடியே சத்தம் காட்டாம போறது, தேவைப்பட்டா அடிக்கிறது, அதான் இதோட வேலை. உள்ள ஒரு உலை இருக்கு. அந்தச் சூட்டுல தண்ணி கொதிக்கும். அந்தத் தண்ணி போற பாதையிலதான் நம்ம மூடி. அதுமேல உப்பு படவே கூடாது."

"கப்பலே உப்புத் தண்ணியிலதான கீது?" என்றாள் கனகம்.

"அது வெளிய. உள்ள ஓடற தண்ணி குழந்தைக்குக் குடுக்கற தண்ணியைவிடச் சுத்தம். இந்த ஸ்டீலுக்கு உப்புதான் எமன். பட்டா இன்னிக்குத் தெரியாது, நாளைக்கும் தெரியாது. சூடும் அழுத்தமும் சேரும்போது ஒருநாள் தலைமுடி மாதிரி வெடிப்பு விடும். வேர்வை பட்டாலே போதும், அதனாலதான் கிளவுஸ்."

சாம்ராஜ் அதையே சிவப்புப் பெயின்ட்டில் கதவுக்கு மேலே எழுதிவைத்தார்: 'வெறும் கையால் தொட்டால் வெளியே.' அவ்வளவுதான் எழுதினார். அவர் பேச்சும் அந்த அளவுதான் இருக்கும்.

கனகத்தின் மகன் ஸ்ரீதர் கடற்படையில் மெக்கானிக். விசாகப்பட்டினத்தில் டீசலில் ஓடும் நீர்மூழ்கியில் இருந்தான். அணுக் கப்பல் வரும்போது அதற்குப் போகிற ஆட்களில் அவன் பெயரும் இருக்கிறதாம், பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டானாம். பொங்கலுக்கு முன்னால் போன் செய்து அதைச் சொன்னவன், "கப்பல் கெளம்புது, கொஞ்ச நாளு போன் வராதும்மா, பயந்துக்காத" என்று வைத்தான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மாசி பிறந்துவிட்டது. போனை அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் லாக்கரில் வைத்துப் பூட்டுவாள். டீ டைம், சாப்பாட்டு டைம், ஷிப்ட் முடிந்ததும் என்று ஓடி ஓடிப் பார்ப்பாள். கேஸ் கம்பெனிக்காரனும் லோன் தருகிறேன் என்பவனும்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள் மாலை. மூடியைக் கழுவி, சோதித்து, உலர்த்தி மேசைமேல் வைத்தாகிவிட்டது. காலையில் அவர் கண்ணெதிரே பையில் போட்டு சீல் வைப்பதுதான் பாக்கி. ஷீபா கேட்டில் பாஸ் எழுதிக்கொடுக்கப் போயிருந்தாள். கனகம் பிளாஸ்டிக் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு மூடாமலே நின்றாள்.

"இன்னாடி நிக்கிற?"

"எக்கா, இதுமேல கைய வெச்சி ஒரு வார்த்த சொல்லேன்."

சேரப்பணஞ்சேரியில் ஜெபமணியின் கைக்கு ஒரு மரியாதை உண்டு. ஷீட் போட்ட சபையில் பாஸ்டர் ஜெபித்துக் குறையாத காய்ச்சல் அவள் தலையில் கைவைத்தால் குறைகிறது என்று ஒரு பேச்சு. நெற்றி நிறைய விபூதி பூசியவர்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். மாத்திரையும் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள் என்பது வேறு விஷயம்.

"இதுக்கா? இது இரும்புடி."

"நாளைக்கி எம்புள்ள இதுங்கிட்டதான நிக்கணும். இது வெடிச்சா மொதல்ல அவன் மூஞ்சிலதான அடிக்கும்."

கையுறையோடு கையை நீட்டிய ஜெபமணி பாதியில் நிறுத்தினாள். ரப்பருக்குள் கையை வைத்துக்கொண்டு யாரையாவது ஆசீர்வதித்ததுண்டா? குழந்தை நெற்றியில் துணியைப் போட்டு மேலே கைவைப்பாளா? வெளியே குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு கையும் கழுவினாள், சபைக்குப் போவதற்கு முன்னால் கழுவுகிற மாதிரி. ஷீபா சொன்ன உப்பு, வேலை செய்து வேர்த்த கையின் உப்பு. இது ஜெபத்துக்குக் கழுவிய கை. அவள் மனசில் இரண்டும் ஒன்றாகவில்லை.

வலது கையை விரித்து மூடியின்மேல் வைத்தாள். கண்ணை மூடினாள். "பெத்தவ நீயும் வெய்யி" என்றாள். கனகமும் கழுவிக்கொண்டு வந்து பக்கத்திலேயே தன் வலது கையை வைத்தாள். ஸ்டீல் ஜில்லென்று இருந்தது. ஜெபமணி முணுமுணுத்ததில் கனகத்துக்கு மகன் பெயரும், அவனோடு இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் என்பதும்தான் புரிந்தது. ஆமென் சொல்லவா, கற்பூரம் ஏற்றாமல் போகிறோமே என்று வருந்தவா என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டினாள்.

கையை எடுத்ததும் குனிந்து பார்த்தார்கள். டியூப் லைட்டில் மூடி கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு தடமும் தெரியவில்லை. உறையைப் போட்டு மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். அன்று ராத்திரி கனகம் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் ஆய்வாளர் எழிலரசன் வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் சொந்தமாக ஒரு டார்ச். சாம்ராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் அவர் பின்னாலேயே நடந்தார்.

"சோதனையெல்லாம் முடிஞ்சிடுச்சு சார், சீல் வெச்சிடலாம்" என்றார் சாம்ராஜ்.

"தண்ணிச் சோதனை மட்டும் இன்னொரு தடவை காட்டுங்க, பார்த்துக்கறேன்" என்றார் எழிலரசன்.

சுத்தமான ஸ்டீல்மேல் சுத்தமான தண்ணீரைத் தெளித்தால் அது மெழுகின தரையில் ஊற்றின மாதிரி ஒரே விரிப்பாகப் பரவி நிற்கும். துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் தண்ணீர் அந்த இடத்தைவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஷீபா தெளித்தாள். தண்ணீர் பரவியது. பிறகு, யாரோ கூப்பிட்ட மாதிரி, நடுவில் மட்டும் பின்வாங்க ஆரம்பித்தது. முதலில் ஐந்து விரல், பிறகு உள்ளங்கை. அதன் பக்கத்தில் இன்னொன்று. மூடியின்மேல் இரண்டு கைகள் தெளிவாக எழுந்து நின்றன.

"யாரு கை இது?" என்றார் சாம்ராஜ். குரல் உயரவில்லை. அவர் கத்தாமல் கேட்டால்தான் பயப்பட வேண்டும்.

கனகம் வாயைத் திறப்பதற்குள் ஜெபமணி முன்னால் வந்துவிட்டாள். "என் கைதான் சார்."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான். எனக்கு ரெண்டு கை கீதுல்ல?"

ஷீபா குனிந்து பார்த்தாள். இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்குச் சொல்லவும் மனசில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "ஜெபமணிக்கா, ரெண்டும் வலது கை."

"வலது கையத்தான் ரெண்டு தபா வெச்சேன். ஜெபம்னா ஒரு தபாதான் பண்ணணும்னு எங்கியாச்சும் எழுதிகீதா?"

எழிலரசன் டார்ச்சை அடித்தார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "மொதல் தடவை அஞ்சு விரலும் முழுசா இருக்கும்மா. ரெண்டாவது தடவை ஆள்காட்டி விரல்ல பாதியைக் காணோம். நடுவுல என்ன ஆச்சு?"

ஜெபமணி மூடியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "மடக்கிக்கினேன் சார்" என்றாள்.

ஷீபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கனகத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அக்கா எங்கே போவாள் என்று அவளுக்குத் தெரியும். திரும்ப கிரைண்டிங்குக்கு. திரும்ப அந்த இருமல். கையுறையைக் கழற்றி, கையை விரித்து, தண்ணீர்க் கையின் பக்கத்தில் படாமல் பிடித்துக் காட்டினாள். இரண்டும் ஒன்றாக இருந்தன.

"அது என் வெரலு சார். பிரஸ்ஸு தின்னது. அக்கா பொய் சொல்லுது. கைய வெய்யின்னு கேட்டதே நான்தான். அனுப்பறதுன்னா என்ன அனுப்புங்க."

"உன்ன யாருடி கேட்டா? பெருசா வந்துட்டா" என்று ஜெபமணி பாய்ந்தாள்.

"நீ சும்மா இருக்கா. நெஞ்ச வெச்சிக்கினு அங்க போயி நிப்பியா?"

"நீ மட்டும் மிச்ச வெரலயும் குடுத்துட்டு வருவியா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" இப்போது சாம்ராஜ் கத்தினார். "ஜெபம் பண்ண ஊர்ல சபை இல்ல? வால்வு மூடி மேலயா ஜெபம் பண்ணுவாங்க? நானும் வேதக்காரன்தான், நான் பண்ணேனா?"

"புள்ள சபைக்குள்ளயா சார் கீறான்?" என்றாள் ஜெபமணி. "இந்த மூடிக்குப் பின்னாலதான கீறப்போறான்."

சாம்ராஜுக்கு விளங்கவில்லை. கனகம்தான் சொன்னாள். மகனைப் பற்றி, பயிற்சியைப் பற்றி, பொங்கலுக்கு முன்னால் வந்த போனைப் பற்றி. சொல்லச் சொல்ல எழிலரசன் டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"எந்தக் கப்பல்னு நான் கேக்கல, நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். "நானும் அந்த மாதிரி கப்பலுக்குள்ள கெடந்தவன்தாம்மா. போன் வரலைன்னா கப்பல் தண்ணிக்குள்ள இருக்குன்னு அர்த்தம். அதுக்காகத்தான அதைக் கட்டினாங்க. மேல வந்ததும் மொதல்ல குளிப்பான், அந்த நாத்தத்தோட யாராலயும் பேச முடியாது. அடுத்தது உங்களுக்குத்தான் போன்."

கனகம் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அந்த அறையில் துடைக்க எதை எடுப்பது என்று தெரியவில்லை, எல்லாமே சுத்தத் துணி.

எழிலரசன் சாம்ராஜ் பக்கம் திரும்பியதும் குரல் மாறிவிட்டது. "இந்த மூடியை இன்னிக்கு நான் எடுக்க முடியாது. மறுபடி கழுவணும், உப்புச் சோதனை பண்ணணும், வெடிப்புச் சோதனை பண்ணணும். கழுவி அடுக்கி வெச்சிருக்கிற மத்த மூடியையும் மறுபடி பார்க்கணும். உங்களுக்கு நஷ்டம்தான், தெரியும். உள்ள இருக்கறவனுக்கு இறங்கி ஓட இடம் கிடையாது."

சாம்ராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். கதவுக்கு மேலே கையைக் காட்டினார். "போர்டு இருக்கு சார். நானே எழுதினது. ரெண்டு பேரையும் வெளிய அனுப்பித்தான் ஆகணும்."

"அனுப்பிட்டு?" என்றாள் ஷீபா. அவள் முதலாளியிடம் அப்படிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. "புதுசா ரெண்டு பேரை எடுப்பீங்க. அவங்களுக்கும் புள்ள இருக்கும், சாமி இருக்கும். ஒருத்தங்க குங்குமம் வெப்பாங்க, ஒருத்தங்க எலுமிச்சம்பழம் சுத்துவாங்க. எலுமிச்சம்பழத்தை நெனச்சிப் பாருங்க சார். இவங்க ரெண்டு பேரும் இனி செத்தாலும் தொட மாட்டாங்க."

"போர்டுல தொடாதேன்னு இருக்கு" என்றார் எழிலரசன். "கழுவின கையும் தொடக் கூடாதுன்னு இல்லை. அழுக்குக் கைதான் தப்புன்னு இவங்க நெனச்சிட்டாங்க. அதை எழுதுங்க. யாரை வெக்கறது, யாரை அனுப்பறதுங்கறது உங்க பாடு."

ஒரு காலத்தில் கனகத்தின் விரலைப் பற்றிக் கேட்டது சாம்ராஜுக்கு நினைவு வந்ததோ என்னவோ, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேரும் அறையிலேயே இருக்கலாம். ஆனால் கனகத்துக்குப் பர்மனென்ட் இப்போது இல்லை. இந்த மூடி ஒழுங்காகப் போய்ச் சேரட்டும், அடுத்த ஆய்வு வரட்டும், பிறகு பார்க்கலாம்.

"அதெப்படி சார்?" என்று ஜெபமணி கிளம்பினாள். "மொதல்ல கைய வெச்சது நான். அவளுக்கு மட்டும் தண்டனயா? என்னயும் கான்ட்ராக்ட்டுல போடு."

"எக்கா, கெடச்சதையும் கெடுக்காத, வா" என்று கனகம் அவளை இழுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். ஏமாற்றம் இல்லாமல் இல்லை. மகனிடம் சொல்ல ஒரு சேதி வைத்திருந்தாள், அது இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் பிரஸ் கம்பெனிக் கேட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. அக்கா இருமப்போவதும் இல்லை. அவள் கணக்கில் அது போதும்.

புதுக் கையுறை போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூடியைத் தொட்டிக்குள் இறக்கினார்கள். கனகம் துணியை எடுத்தவள், கைகள் இருந்த இடத்துக்கு வந்ததும் தயங்கினாள்.

"எக்கா, தொடச்சா ஜெபம் அழிஞ்சிடாது?"

"போடி. கர்த்தரு இன்னா பெயின்ட்டா? நல்லா அழுத்தித் தேய்யி. உன் புள்ள மூஞ்சிக்கு நேரா ஒக்காரப்போறது."

கனகம் அழுத்தித் தேய்த்தாள். முதலில் அக்காவின் கையை, பிறகு தன் கையை. ஷீபா தண்ணீர் தெளித்தபோது விரிப்பு எங்கேயும் கிழியவில்லை.

சாயங்காலம் லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தாள். லோன்காரன்தான். கம்பெனி பஸ்ஸில் வழக்கமான சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரகடம் பாலத்துக்குக் கீழே லாரிகள் அடைத்துக்கொண்டு பஸ் நின்றது. உள்ளே புழுக்கம். கனகம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

ஜெபமணி வலது கையைத் தூக்கி அவள் தலைமேல் வைத்தாள். கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். முன்சீட்டில் இருந்தவன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டான். இந்த பஸ்ஸில் அது புதிதில்லை.

"கை ஈரமா கீதுக்கா" என்றாள் கனகம் கண்ணைத் திறக்காமலே.

"வேர்வடி. இருக்கட்டும். நீ இன்னா கப்பல் சாமானா, உப்பு பட்டா வெடிச்சிப்போக?"

பஸ் நகர்ந்தது. சேரப்பணஞ்சேரி வரும்வரை ஜெபமணி கையை எடுக்கவில்லை.